நூறு தடவை ஒரே குடம்

 

போன எபிசோடு முடியும்போது, படம் வரையறது பத்தி என்ன கேட்கணும்னாலும் வாய்ஸ் நோட் அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன். அனுப்பிட்டீங்க. பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்படிக் கிடைக்கும்?" கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி இதையே இன்னும் நேராக் கேட்டிருந்தார். "மூணு வருஷமா இன்ஸ்டாவுல படம் போடறேன் அக்கா. என் பக்கத்தை நானே திறந்து பார்த்தா, அஞ்சு பேர் சேர்ந்து நடத்துற பக்கம் மாதிரி இருக்கு. இதுல எது நான்?" இன்னொருத்தங்க சென்னையில ஐடி வேலையில இருக்காங்க. வேலையை விட்டாத்தான் என் குரல் வெளியில வருமான்னு கேட்டாங்க. அதனால இன்னைக்கு எபிசோடு முழுக்க இது மட்டும்தான்.

முதல்ல என் பிழைப்பைச் சொல்லிடறேன். நான் 11 வருஷமா இல்லஸ்ட்ரேட்டர். குழந்தைகள் புத்தகம்னு சொன்னா கேட்க அழகா இருக்கும். ஆனா வாடகை கட்டுறது பிஸ்கட் பாக்கெட், காலண்டர், அலுவலகச் சுவர்ல ஒட்டுற போஸ்டர் இதெல்லாம்தான். போன வருஷம், ரொம்ப நாளா நான் வேலை செஞ்சுக்கிட்டிருந்த ஒரு நிறுவனம் (பேர் வேண்டாம்) என் பழைய படங்கள்ல ஒரு நாற்பதை ஒரு ஏஐ மென்பொருள்ல கொடுத்து, அதே மாதிரி புதுப் படங்கள் எடுத்துட்டாங்க. எடுத்துட்டு எனக்கே அனுப்பினாங்க. "பாருங்க, அப்படியே நீங்கதான். கை விரல் அங்கங்க தப்பா இருக்கு, அதை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க. ரேட் மூணுல ஒரு பங்கு."

அந்தப் படம் ஒரு டீக்கடை. பெரிசு பண்ணி ரொம்ப நேரம் பார்த்தேன். தடிமனான பிரஷ் கோடு, மஞ்சள் தூள் நிறச் சுவர், மூக்கே இல்லாத முகங்கள், நிழலுக்குக் கறுப்புக்குப் பதிலா கருநீலம். எல்லாம் என்னோடது. விரலைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியலை. கோபம் வந்தது, அது வேற விஷயம். கோபத்துக்குக் கீழ ஒரு பயம் இருந்தது. நான்னு நினைச்சது இந்த நாலு பழக்கம்தான்னா, நான் முழுசா அந்த ஃபைலுக்குள்ள இருக்கேனே? அப்போ இங்க உட்கார்ந்திருக்கிறது யாரு?

அந்த விரல் திருத்துற வேலையை வேண்டாம்னு சொல்லிட்டேன். வருமானத்துல கிட்டத்தட்ட பாதி அவங்ககிட்ட இருந்துதான் வந்துக்கிட்டிருந்தது. அதனால இந்தக் கேள்வி எனக்குப் பொழுதுபோக்கு இல்லை.

அந்த நாட்கள்லதான் கே.சி.எஸ். பணிக்கர் பத்தி உட்கார்ந்து படிச்சேன். பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. ஈசிஆர்ல இஞ்சம்பாக்கம் தாண்டும்போது சோழமண்டலம் ஓவியர் கிராமம்னு ஒரு போர்டு வரும் இல்லையா, அதை 1966-ல் ஆரம்பிச்சவர். கோயம்புத்தூர் தம்பி, அவர் பிறந்தது உங்க ஊர்லதான், 1911-ல். குடும்பச் சூழ்நிலையால காலேஜை விட்டுட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனவர். 1936-ல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்கிறார். அப்போ வயசு 25. பெரியமேட்டுப் பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சிவப்புக் கட்டடங்களோட இருக்கிற இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரிதான் அந்தப் பள்ளி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது.

பணிக்கர் சேரும்போது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீங்களே, பாறையைப் புரட்டுற அந்த நாலு பேர்? அதைச் செஞ்சவர். அந்தச் சிலையை ஒருமுறை நின்னு பாருங்க. ஒவ்வொரு தசையும் கத்தும். இப்படிப்பட்ட ஒரு குரலுக்குக் கீழ மாணவனா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு, அவர் மாதிரியே ஆகிடுவோம். இல்லை, அவருக்கு எதிரா மட்டுமே வரைவோம். ரெண்டாவதும் ஒரு விதத்துல காப்பிதான்.

பணிக்கர் ரெண்டையும் செய்யலை. அவர் மெதுவா, பல வருஷம், பல பேரைத் தாண்டி வந்தார். ஆரம்பத்தில் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் வாட்டர்கலர்ல வரைந்தார். ரொம்ப அழகான படங்கள். அதுலயே இருந்திருந்தா நல்லா வித்திருக்கும்னு நினைக்கிறேன். அப்புறம் ஐரோப்பியர்கள் வந்தாங்க. வான் கோவோட தடம் தெரியும், கோகானோட தடம் தெரியும். 1954-ல் கண்காட்சியோட ஐரோப்பா போய், அங்கே நவீன ஓவியம் எங்கே போயிருக்குன்னு நேராவே பார்த்துட்டு வந்தார். நம்ம தம்பி சொன்ன "அஞ்சு பேர் நடத்துற பக்கம்" இருக்கே, பணிக்கரோட முதல் 25 வருஷப் படங்களை வரிசையா வெச்சா, ஓரளவுக்கு அப்படித்தான் இருக்கும்.

1963-ல் ஒரு திருப்பம். 'சொற்களும் குறியீடுகளும்' என்று சொல்லப்படுகிற அவருடைய ஓவிய வரிசை அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு மாணவனோட கணக்கு நோட்டுப் பக்கம் கண்ணில் பட்டது, எண்ணும் கோடும் வடிவமும் நெருக்கியடிச்சு நிற்கிற அந்தப் பக்கம்தான் பொறின்னு சொல்வாங்க. கேன்வாஸ் முழுக்கப் பொடிப்பொடியா எழுத்து, எண், கட்டம். முதல்ல கணக்குக் குறிகளும் ரோமன் எழுத்தும், பிறகு மலையாள எழுத்து. பார்த்தா ஒரு பெரிய ஜாதகத்தை விரிச்சு வெச்ச மாதிரி இருக்கும். படிக்கப் போனா ஒண்ணும் புரியாது. புரியக் கூடாதுன்னுதான் அப்படி எழுதியிருக்கார். எழுத்தை அர்த்தத்துக்காக வைக்கலை, பார்க்கிறதுக்காக வெச்சிருக்கார்.

அப்போ அவருக்கு வயசு 52.

இந்த இடத்துல ரெண்டு விஷயம் என்னைப் பிடிச்சு உட்கார வெச்சது. அவர் வந்து சேர்ந்த அந்தப் பொருள் இருக்கு பாருங்க, ஜாதகக் கட்டம், தாய்மொழியோட எழுத்து, நோட்டுப் புத்தகம். இதெல்லாம் சின்ன வயசுல இருந்தே அவர் கண் முன்னாடி கிடந்ததுதானே? ஓவியத்துக்குள்ள வரத் தகுதியான பொருளா அது தெரியறதுக்கு அவ்வளவு நாள் ஆகியிருக்கு. நீர்நிலையும் தென்னையும் படமாகும்னு எல்லாருக்கும் தெரியும். ஜாதகக் கட்டம் படமாகும்னு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, ஐடி வேலையில இருக்கிற தோழிக்கு. 1963-ல் பணிக்கர் என்ன செஞ்சுக்கிட்டிருந்தார் தெரியுமா? அதே ஓவியப் பள்ளிக்கு முதல்வர். 1957-ல் இருந்து 1967 வரைக்கும். அரசாங்க வேலை. ஃபைல்ல கையெழுத்துப் போடணும், லீவ் லெட்டர் பார்க்கணும். அந்த வேலையில இருந்துக்கிட்டேதான் அந்த முதல் படங்கள் வந்தன.

சோழமண்டலக் கதையும் காசோட சம்பந்தப்பட்டதுதான். அந்தக் காலத்து மெட்ராஸ்ல படிச்சு முடிச்சு வெளியே வர்ற ஓவியருக்குப் படம் வித்துப் பிழைக்கிற வாய்ப்பு கிட்டத்தட்டக் கிடையாது. அதனால பெரும்பாலானவங்க ஓவியத்தையே விட்டுடுவாங்க. பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைப் பொருள் செஞ்சாங்க. முக்கியமா பாட்டிக், அதாவது மெழுகு பூசிச் சாயத்தில் தோய்ச்சு எடுக்கிற துணி. அதை வித்த காசைச் சேர்த்துத்தான் கடலோரமா சுமார் 10 ஏக்கர் வாங்கினாங்க. அப்போ அங்கே மணலும் சவுக்கும்தான். இன்னைக்கு அந்த இடத்தோட விலையைக் கேட்டா உங்களுக்கும் எனக்கும் தலை சுத்தும், விடுங்க.

இந்த பாட்டிக் விஷயத்தை நான் ரொம்ப நாள் ஏதோ தியாகம் மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்போ அப்படித் தோணலை. அது ஒரு கெட்டிக்காரத்தனமான கணக்கு. சாப்பாட்டைத் துணி பார்த்துக்கும். கேன்வாஸ் யாருக்கும் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. படத்துக்குச் சோறு போடுற பொறுப்பைக் கொடுத்துட்டா, அது வாங்குறவர் முகத்தைப் பார்க்க ஆரம்பிச்சுடும். நான் பிஸ்கட் பாக்கெட்டுக்கு வரையறதும், நிதானமாப் பார்த்தா, பாட்டிக்தான். தொழில் சுத்தமாச் செய்யறேன், காசு வாங்கறேன். ஏஐ தூக்கிட்டுப் போனது அந்த பாட்டிக்கைத்தான்னு புரிஞ்சப்போ எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வாடகைக் கவலை அப்படியேதான் இருக்கு, அதை மறைக்கலை. ஆனா "நான் யாரு"ங்கிற பயம் குறைஞ்சது.

சோழமண்டலத்துல எனக்குப் பிடிச்ச இன்னொரு ஆள் சிற்பி பி.வி. ஜானகிராம். கோயில்ல மூலவருக்குச் சாத்துற கவசம் பார்த்திருப்பீங்க. தகடை அடிச்சு, முன்பக்கம் மட்டும் எழும்பி நிற்கிற மாதிரி செய்வாங்க. அதோட வழியை எடுத்து, செப்புத் தகட்டில் நவீன சிற்பம் செஞ்சார் ஜானகிராம். உலோகச் சிற்பம்னா உருக்கி வார்க்கணும்னு படிச்ச இடத்துல, தகடை அடிக்கிற கம்மாளர் கையைப் பார்த்துக் கத்துக்கிறது சின்ன விஷயம் இல்லை.

ஆனா ஒண்ணு சொல்லணும். நம்ம மண்ணோட அடையாளத்தைத் தேடறோம்னு கிளம்பின அந்தத் தலைமுறைக்குப் பின்னாடி வந்த சில படங்கள் எனக்குச் சலிப்பா இருக்கும். எங்க பார்த்தாலும் யந்திரம், பாம்பு, படிக்க முடியாத எழுத்து. ஒருத்தர் 27 வருஷம் நடந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கு இன்னொருத்தர் ஆட்டோல வந்து இறங்கின மாதிரி. நம்ம காலத்துல அதுக்குப் பேர் ஃபில்டர். வேர்னு சொல்லிக்கிட்டாலும் ஃபில்டர் ஃபில்டர்தான்.

சரி, அப்போ எப்படி நடக்கிறது? இங்கேதான் ஆதிமூலம் வர்றார்.

கே.எம். ஆதிமூலம், துறையூர் பக்கம் கீராம்பூர்க்காரர், 1938-ல் பிறந்தவர். அவரும் அதே சென்னைப் பள்ளிதான். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். இதையும் நம்ம தோழி குறிச்சுக்கணும். பகல்ல துணிக்கு டிசைன், மீதி நேரத்தில் தன் படம். ஜூனியர் விகடன்ல கி. ராஜநாராயணனோட 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தப்போ கோட்டோவியம் போட்டவர் அவர்தான். வீட்ல அப்பா, மாமா யாராவது பைண்டு பண்ணி வெச்சிருந்தா எடுத்துப் பாருங்க.

காந்தி நூற்றாண்டு 1969-ல் வந்தது. அதையொட்டி ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களா வரைஞ்சார். நூறு! காந்தி யாருக்கும் தெரியாத முகமா? கண்ணாடி, மொட்டைத் தலை, கைத்தடி போட்டா முடிஞ்சது, ஸ்கூல் பையன்கூட வரைவான். அந்த அளவுக்குத் தேஞ்சு போன ஒரு உருவத்தை எடுத்துக்கிட்டு, கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் மட்டும் வெச்சு நூறு தடவை. இளமையில் இருந்து முதுமை வரைக்கும் அந்த உடம்பு மாறிக்கிட்டே போகுது. சில இடத்துல கோடு அடுக்கடுக்கா அடர்ந்து கல் மாதிரி நிற்கும். சில இடத்துல நாலு இழுப்புல முடிஞ்சுடும். அப்புறம் அதே கை மகாராஜாக்களை வரைஞ்சது, பவுசு போன மன்னர்களை. பின்னாடி கோட்டையே விட்டுட்டு முழுக்க வண்ணத்துக்குப் போனார், உருவமே இல்லாத நிலப்பரப்புகள். ஆளையும் கோட்டையும் எடுத்துட்ட பிறகும் அது ஆதிமூலம்னு தெரியும். எனக்கு அந்த டீக்கடைப் படம் ஞாபகம் வந்தது. என் தடிக் கோட்டை எடுத்துட்டா என்ன மிச்சம்?

அதனால நானும் நூறு வரையலாம்னு முடிவு பண்ணினேன். காந்தி மாதிரி பெரிய ஆள் வேண்டாம். எங்க தெரு முனையில தண்ணி லாரிக்காக வரிசை கட்டி நிற்கிற பிளாஸ்டிக் குடம். 2019 கோடையில சென்னையில இருந்தவங்களுக்கு அந்த வரிசை மறக்காது. எனக்கு நானே போட்டுக்கிட்ட விதி இதுதான்: பால் பாயிண்ட் பேனா மட்டும், அழிக்கக் கூடாது, காலையில 6 மணியில இருந்து 7 வரைக்கும், ஒரு நாளைக்கு ஒண்ணு. பிரஷ் இல்லை, மஞ்சள் சுவர் இல்லை, கருநீல நிழல் இல்லை. அந்த ஃபைல்ல இருந்த நாலு பழக்கத்துல மூணு போச்சு. குடத்துக்கு மூக்கு கிடையாது, அதனால நாலாவதும் போச்சு.

முதல் பத்து ஜாலியா இருந்தது. நல்லா வந்ததுன்னு போஸ்ட் போடணும்னு கை அரிச்சது, போடலை. 11-ல் இருந்து 20 வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச வித்தை எல்லாம் தீர்ந்தது. மேல இருந்து, கீழ இருந்து, பாதி வெட்டி, நிழல் மட்டும். 20-க்கு மேல சுத்த வறட்சி. கேவலமான படங்கள். 27-வது குடம் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. இந்த இடத்துலதான் சாதாரணமா நான் வேற சப்ஜெக்டுக்குத் தாவுவேன், நீங்களும் தாவுவீங்கன்னு நினைக்கிறேன். ஒரு ஸ்டைல் வறண்டதும் அடுத்த ஆளோட ஸ்டைலுக்குப் போறோம், அஞ்சு பேர் பக்கம் அப்படித்தான் உருவாகுது.

40 பக்கம் வரும்போது ஒண்ணு கவனிச்சேன். நான் குடத்தை வரையறதை விட்டுட்டு, குடங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை வரைஞ்சுக்கிட்டிருந்தேன். அந்த வரிசையில ஆளே இல்லை, கவனிச்சிருக்கீங்களா? குடம்தான் ஆள். பச்சைக் குடம் மூணாவது வீட்டு அக்கா, வாய் உடைஞ்ச நீலக் குடம் இஸ்திரிக் கடைத் தாத்தா. அவங்க உள்ள சமைச்சுக்கிட்டு இருப்பாங்க, குடம் அவங்களுக்காக நிற்கும். ஒரு குடத்துல பெயிண்ட்ல 'செல்வி'ன்னு எழுதியிருக்கும். யாராவது அதைத் தள்ளி வெச்சா சண்டை வரும், செல்வியையே தள்ளின மாதிரி.

அன்னைக்குச் சாயங்காலம் பரண்ல இருந்து பழைய ஸ்கெட்ச் புக் எல்லாம் இறக்கினேன். காலேஜ் காலத்து நோட்டு வரைக்கும். கிளினிக் வாசல்ல கிடக்கிற செருப்புகள். பஸ்ல ஜன்னல் வழியா சீட்டுக்குப் போட்ட துண்டு. பைக் சீட்டு மேல ஹெல்மெட். பாதி குடிச்ச டீ கிளாஸ், மேல மடிச்சு வெச்ச பேப்பர். பக்கம் பக்கமா ஆள் இல்லாத இடத்துல ஆளுக்காக இருக்கிற பொருள். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கலை, யாரும் ஆர்டரும் கொடுக்கலை. ஒரு பக்கம்கூட கிளையண்டுக்குப் போனதில்லை. அதனால அந்த நிறுவனம் கொடுத்த நாற்பது படத்துல இது ஒண்ணுகூட இல்லை. அவங்க டீக்கடையில மொத்த பெஞ்சும் ஆளுங்களால நிரம்பி வழியுது. நான் எனக்காக வரைஞ்சா, அந்த பெஞ்சுல ஒரு துண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

உடனே இதையும் ஒரு ஃபார்முலாவா ஆக்கிடலாமான்னு ஆசை வரும். 'ஆளில்லாப் பொருள்கள்'னு ஹைலைட்ஸ்ல ஒரு வட்டம் போட்டு… வேண்டாம். ஏன் இதையே பார்க்கிறேன்னு எனக்கு இன்னும் தெரியாது. சின்ன வயசுல எங்க அப்பா ராத்திரி ஷிஃப்ட். காலையில கண் முழிச்சா ஆளைப் பார்க்க முடியாது, கொடியில சட்டை இருக்கும். அதுவா இருக்கலாம், வேற எதாவதாவும் இருக்கலாம்.

கோயம்புத்தூர் தம்பி, உங்க பக்கத்துல அஞ்சு பேர் இருக்காங்கன்னு சொன்னீங்க. அந்த அஞ்சு பேரையும் ஸ்டைல் வெச்சுப் பிரிக்காம, என்ன வரைஞ்சிருக்காங்கன்னு பாருங்க. ஒரே பொருள் அஞ்சு பேர் கையிலயும் திரும்பத் திரும்ப வந்திருக்கான்னு தேடுங்க. வந்திருந்தா அதை எடுத்து, லைக் வாங்காத ஒரு கருவியால நூறு தடவை வரைங்க. போஸ்ட் பண்ணாதீங்க. எனக்கு அனுப்புறதா இருந்தா முதல் படம் வேண்டாம், நாற்பத்தோராவது அனுப்புங்க.

ஐடி தோழிக்கு: வேலையை விடணுமாங்கிறதை உங்க பேங்க் பாஸ்புக்கைக் கேளுங்க, உங்க குரலைக் கேட்காதீங்க. அதுக்கு வேண்டியது காலையில ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைக்கூட விடாத வேலையா இருந்தா, அப்போ வேலையை மாத்துறது பத்தி யோசிக்கலாம். வீட்ல அந்த நேரத்துக்குக் காபி போடறது யாருங்கிற பேச்சுவார்த்தையும் சேர்த்துத்தான். எங்க வீட்ல அது மூணு மாசம் நடந்தது.

நேரம் கிடைச்சா ஒரு நாள் சோழமண்டலம் போங்க. அங்கே 2009-ல் ஒரு மியூசியம் திறந்தாங்க, மெட்ராஸ் ஓவியர்கள், சிற்பிகள் பல பேரோட வேலை ஒரே கூரைக்குக் கீழ இருக்கு. திருவனந்தபுரம் போறவங்க, அங்கே மியூசியம் வளாகத்துல பணிக்கருக்குன்னே ஒரு காட்சிக்கூடம் இருக்கு, அவரோட வாட்டர்கலர்ல இருந்து கடைசி வரைக்கும் பார்க்கலாம். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன்: போன் திரையில இந்தப் படங்கள் செத்துப் போகும். அந்தப் பொடி எழுத்துக்குக் கிட்டப் போய் நின்னாத்தான் கை நடந்த வேகம் தெரியும்.

நான் இப்போ 63-ல் இருக்கேன். நாளைக்கு எங்க தெருவுக்கு லாரி வர்ற நாள், 64 அங்கேதான். அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.